சுவர்க் கணக்கு

முதலில் பாத்திரங்கள் வெளியே வந்தன.
குக்கர், அதற்குப் பொருந்தாத மூடி,
அரிசி டிரம், இரண்டு புர்கா,
தூங்குவதை நிறுத்தாத ஒரு கைக்குழந்தை,
எல்லாம் சந்தில்.
சீட்டா கேம்ப், ஜி செக்டர்.
மழைக்கு இன்னும் ஒன்பது நாள் என்று
டீக்கடை டிவி சொன்ன காலை.

விலாஸ் பம்பை அழுத்துகிறான்.
செய்யது குழாயைப் பிடிக்கிறான்.
சுவரிலிருந்து ஒன்றரை அடி,
மேலிருந்து கீழ், கீழிலிருந்து மேல்,
ஒரு பட்டைமேல் அடுத்த பட்டை
மூன்று விரல் ஏற வேண்டும்,
புடவைக் கொசுவம் மாதிரி என்று
பயிற்சியில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.
செய்யது புடவையைத் தொட்டு மடித்ததில்லை.
ஆனாலும் சரியாக வருகிறது.

என் கையில் பேரேடு.
வீட்டு எண், பெயர், அறை, அடித்தது, விட்டது.
விட்டதற்கு மூன்றே காரணம் அச்சிட்டிருக்கிறார்கள்:
பூட்டு, மறுப்பு, நோயாளி.
"பெயிண்ட் அடிச்சு நாலு நாள்தான் ஆகுது,
வெள்ளிக்கிழமை பெண்பார்க்க வர்றாங்க"
என்பதற்குக் கட்டமில்லை.
மறுப்பு என்று எழுதினேன்.
கல்யாணப் பெண் என் தோள்வழியே எட்டிப் படித்தாள்.
"யாரு மறுத்தது, நானா?"
கொஞ்சம் சந்தோஷமாகத்தான் கேட்டாள்.

பேச்சித்தாய் வீட்டில் சுவரே நோட்டு.
கரித்துண்டில் சீட்டுப் பணம், பால், கேஸ்,
மஸ்கட்டில் இருக்கும் மகனின் மூன்று எண்கள்,
அதில் இரண்டின் குறுக்கே கோடு.
"மருந்து பட்டா இது அழிஞ்சிருமா?"
அழியாது. மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும்.
மூன்று மாதம் துடைக்கக் கூடாது.
"தொடைக்கவா எழுதி வச்சிருக்கேன்."

பிறகு, எல்லோரும் கேட்பது:
"இனிமே கடிக்காதுல்ல?"

விலாஸாக இருந்தால் கடிக்காது என்பான்.
மராத்தியில் சொன்னால்
பொய்யும் முனிசிபாலிடி உத்தரவு மாதிரி இருக்கும்.
எனக்கு வரவில்லை.
கடிக்கும், என்றேன்.
குடித்த பிறகு உடம்பு கனத்து
தூரம் போக முடியாமல் சுவரில் உட்காரும்.
உட்கார்ந்தால் செத்துப்போகும்.

"என் ரத்தத்தைக் குடிச்ச பெறகா?"
ஆமாம்.
"அப்போ எனக்கென்ன லாபம்?"

சுவருக்கு அந்தப் பக்கம்
மெட்ரோ வேலைக்கு வந்த மால்டா பையன்கள் எட்டுப் பேர்.
தண்ணீர்க் குழாயில் இவளுக்கும் அவர்களுக்கும் ஆகாது.
அதில் துலால் என்று ஒருவன்
நேற்றிலிருந்து மூன்று போர்வைக்குள் நடுங்குகிறான்.
விரல் குத்தி எடுத்துப் போன ரத்தத்துக்கு
இன்னும் பதில் வரவில்லை.
அவனைக் கடித்தது எங்கே வந்து உட்காரும் என்று
நான் சொல்லவில்லை. சுவரைத்தான் பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்
அடுத்த கதவைத் தட்டினாள்.
ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்கள்,
நேற்று என்னிடம் முடியாது என்றவர்கள்.
"உட்டோ! தும்ஹாரா செவரு, மேரா கொசு!"
யாருக்கும் புரியாத இந்தி.
எட்டுப் பையிலும் இரண்டு அவளே இழுத்து
சந்தில் போட்டாள்.
துலாலைத் தன் வாசலில் உட்காரவைத்தாள்.
டீ கொடுக்கவில்லை. கொடுத்தாள் என்று எழுத ஆசைதான்.

நேற்று மறுப்பு என்றிருந்ததை அடித்து
அறை ஒன்று, அடித்தது ஒன்று என்று திருத்தினேன்.
செம்மண் மையில் கதவோரம் தேதி.

ஒன்பது மணிக்கு வீடு திரும்பினேன்.
இரண்டாம் குழு என் கதவில் சாக்பீஸால்
எழுதிவிட்டுப் போயிருந்தது: பூட்டு.
சரிதான். பகலில் இங்கே யார் இருக்கிறார்கள்?
அந்தப் பட்டியலிலும் என் கையெழுத்துதான் வேண்டும்.

விளக்கைப் போட்டேன்.
காலண்டருக்குக் கீழே,
தலை தாழ்த்தி, பின்புறம் தூக்கி,
சாய்வாக அறைந்த ஆணி மாதிரி ஒன்று.
வயிறு உளுந்தம்பருப்பு அளவுக்கு.
அடித்தேன்.

உள்ளங்கையில் சிவப்பு, இன்னும் காயாதது.
என்னுடையது இல்லை.
நான் இப்போதுதான் உள்ளே வந்தேன்.